தம்ளர் இருந்த பக்கம்

ஜூன் 3, திங்கள்

மொபைல் கடைக்கு மேலே மாடி. பெயர்ப் பலகையில் கருணையும் இருக்கிறது, கரமும் இருக்கிறது, இடம் மிச்சமிருந்ததால் ஒரு சிவப்பு இதயமும் வரைந்திருக்கிறார்கள். உள்ளே பால்பாண்டி என்று ஒருவன். முப்பது வயதுகூட இருக்காது. போன வருடம் வரை பழைய பைக் வாங்கி விற்றானாம். அதைப் பெருமையாக வேறு சொன்னான். இப்போது வீடுகளுக்கு நர்ஸ் அனுப்புகிறான்.

"என்ன படிச்சிருக்கீங்கக்கா?"

"பத்தாவது. பெயில்."

"நோயாளிய பாத்த அனுபவம் ஏதும் உண்டா?"

"இல்ல."

"வீட்டுலகூட யாரையும் பாத்ததில்லையா?"

"நான் வீட்டுல சும்மாதான் இருந்தேன் தம்பி."

இது நானாகச் சொன்னதில்லை. போன ஆவணியில் என் கொழுந்தன் நாலு பெரிய மனிதர்களைக் கூட்டி உட்கார வைத்துச் சொன்னது. அவன் அண்ணனான என் வீட்டுக்காரர் செத்து, அவர்கள் அம்மாவும் செத்த பிறகு, அந்த வீட்டில் எனக்கு ஒரு அறை விடலாமா என்பது பேச்சு. "மதினி இத்தன வருஷமா என்ன செஞ்சா? சும்மா உக்காந்து சாப்ட்டா." நாலு பேரும் தலையாட்டினார்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் தலையாட்டினால் அது உண்மையாகத்தான் இருக்கும்.

பால்பாண்டி ஃபாரத்தில் அனுபவம் என்ற இடத்தில் 'நாலு வருடம், கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரி' என்று எழுதினான். நான் கோயம்புத்தூரைப் பார்த்ததே இல்லை. "எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுதோம்க்கா" என்றான். வண்டிக்கு ஓடின கிலோமீட்டரைத் திருத்திப் பழகிய கை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். இருபத்து நாலு மணி நேர வேலை, அங்கேயே தங்கல். என் அண்ணன் பெண்டாட்டி என்னைப் படுக்க வைத்திருக்கும் ஸ்டோர் ரூமை இந்த மாதத்துக்குள் காலி செய்யவேண்டும் என்று மூன்று தடவை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். போகிற வீட்டில் ஒரு மாதம் பார்ப்பார்களாம். பிடித்தால் நிரந்தரம். பிடிக்காவிட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது.

ஜூன் 5, புதன்

இரண்டு நாள் பயிற்சி முடிந்தது. இத்தோடு நான் நர்ஸ்.

சொல்லிக்கொடுத்தவள் இருபத்து மூன்று வயதுப் பெண். படுக்கையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை. அதற்கு ஒரு காது இல்லை. பொம்மைக்குச் சட்டை போட்டுவிடச் சொன்னாள். என்னோடு வந்த இரண்டு பெண்கள் சட்டையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். நான் வலது கையை முதலில் நுழைத்து, முதுகுப் பக்கம் சுருட்டித் தள்ளி, இடது கையை இழுத்துவிட்டேன். அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

"எங்கக்கா படிச்சீங்க?" என்றாள்.

"பொம்மதான? இதுல படிக்க என்ன இருக்கு" என்றேன்.

வெள்ளைக் கோட்டு ஒன்று கொடுத்தார்கள். பையில் 'மரகதம்' என்று நூலில் தைத்திருக்கிறது. மரகதம் எங்கே என்று கேட்டேன். நின்றுவிட்டாளாம். இந்த நோட்டும் அவர்கள் கொடுத்ததுதான். முன்பக்கத்தில் பிரஷர், மாத்திரை, மோஷன் எழுதவேண்டும். பின்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. நான் அங்கிருந்து எழுதுகிறேன்.

ஜூன் 6, வியாழன்

பாளையங்கோட்டை. மாதா கோயில் தெருவுக்குப் பின்னால் தனி வீடு. ஜெயசீலி டீச்சர், எழுபத்து நாலு வயது. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாராம். நாலு மாதம் முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு விழவில்லை. விழுந்திருக்கலாம்.

நான் உள்ளே போனதும் கோட்டில் இருந்த பெயரைப் பார்த்தார்.

"உம் பேரு மரகதமா?"

"செண்பகவடிவு."

"அப்ப யாரு கோட்ட போட்டுட்டு வந்திருக்க?"

ஒரே மகள், பெனிட்டா, சென்னையில். காலையும் மாலையும் போனில் முகம் காட்டுவாள். "சிஸ்டர், அம்மாவ நல்லா பாத்துக்கோங்க" என்றாள். நாற்பத்தொன்பது வயதில் எனக்குப் பேர் சிஸ்டர். சமையலுக்கு ஒருத்தி காலையில் வந்து போவாள். மற்றபடி நானும் டீச்சரும்தான்.

கூடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அறை. ஜன்னல் இருக்கிறது. உள்ளே தாழ்ப்பாளும் இருக்கிறது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

ஜூன் 8, சனி

இந்த அம்மாளுக்குத் திமிர் அதிகம். தட்டில் இட்லியும் சட்னியும் வைத்தால் பாதித் தட்டைத்தான் சாப்பிடுகிறார். மீதிப் பாதியைத் தொடுவதில்லை. பிறகு மகளிடம் "ரெண்டே இட்லிதான் வச்சா" என்கிறார். நாலு வைத்தேன்.

தலையையும் அப்படித்தான் சீவுகிறார். வலது பக்கம் படிய வாரி, இடது பக்கம் பரட்டையாக விட்டுவிடுவார். நான் சீப்பை எடுத்தால் "எனக்குக் கை இருக்கு" என்கிறார். காலையில் பேப்பரைப் பிரித்து இரண்டு நிமிஷத்தில் தூக்கிப் போட்டார். "ஒரு வரிக்காவது அர்த்தம் இருக்கா? தமிழ் தெரியாதவனெல்லாம் பேப்பர் போடுதான்." நான் எடுத்துப் படித்தேன். எல்லா வரிக்கும் அர்த்தம் இருந்தது.

நாற்காலியில் உட்கார வைக்கும்போது கத்தினார். நான் எப்போதும்போல இடது கைப்பக்கம் நாற்காலியைப் போட்டுத் தூக்கினேன். தோளில் வலிக்கிறதாம்.

எப்போதும்போல என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

ஜூன் 9, ஞாயிறு

சர்ச்சிலிருந்து மூன்று பெண்கள் ஜெபிக்க வந்தார்கள். போகும்போது ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு "இதெல்லாம் வேலையில்ல சிஸ்டர், ஊழியம்" என்றாள். ஊழியம் என்றால் வந்து ஒரு தடவை பெட்பேன் எடுத்துவிட்டுப் போகலாம். புடவை கசங்குமாயிருக்கும்.

ஜூன் 11, செவ்வாய்

தண்ணீர் பஞ்சாயத்து.

ஸ்டூலில் தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, மேலே தட்டு போட்டு மூடியிருக்கிறேன். கட்டிலை ஒட்டி, கை நீட்டினால் எட்டுகிற தூரம். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சத்தம்.

"ஏம்மா, தண்ணி."

"அங்கனதான இருக்கு."

"எங்க இருக்கு?"

"கண்ணு முன்னாடிதான் இருக்கு டீச்சர்."

அதற்கப்புறம் சத்தமில்லை. நான் போய்ப் பார்த்தபோது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். தண்ணீர் அப்படியே இருந்தது. எடுத்துக் கையில் கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். இந்த மாதிரி ராணிகளை எனக்குத் தெரியும். கூப்பிட்டால் ஓடிவர வேண்டும், ஓடிவந்தால் ஏன் ஓடுகிறாய் என்பார்கள். வேண்டுமானால் எடுத்துக் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் கொடுக்கிறேன், மாத்திரைக்குக் கொடுக்கிறேன், போதும்.

ஜூன் 13, வியாழன்

டீச்சருக்குக் காய்ச்சல். நூற்றிரண்டு. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சிறுநீரில் கிருமி, குடித்த தண்ணீர் போதவே இல்லை என்றார். ஊசி போட்டார்.

பெனிட்டா போனில். "சிஸ்டர், அம்மாக்குத் தண்ணிகூடக் குடுக்க மாட்டீங்களா?"

"எப்பவும் பக்கத்துலதான் இருக்கும்மா. வேணும்னா போனத் திருப்பிக் காட்டுதேன்."

காட்டினேன். தம்ளர் நிறைந்திருந்தது. அவள் அம்மாவைப் பார்த்து, "ஏன்மா குடிக்கல?" என்றாள். டீச்சர் கூரையைப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது.

வெடித்த உதட்டை எனக்குப் பார்க்கப் பிடிக்காது. எண்ணெய் தொட்டு வைத்தேன். அதற்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூன் 14, வெள்ளி

காய்ச்சல் நூறு. சட்டை மாற்றும்போது மறுபடி கத்தினார். "எந்தக் கைய மொதல்ல விடணும்னுகூடத் தெரியாதா ஒனக்கு?" எனக்கா தெரியாது.

ஜூன் 15, சனி

பால்பாண்டி வந்தான். வாசலில் நின்றே பேசினான்.

"மக ரொம்பக் கோவமா இருக்காங்கக்கா. அடுத்த சனிக்கெழம நேர்ல வாராங்க. வேற ஆள் கேட்டிருக்காங்க. சர்ட்டிபிகேட் கோர்ஸ் படிச்ச பிள்ள ஒண்ணு இருக்கு, அதக் கூட்டிட்டு வாரேன். அதுவும் சரிவரலன்னா அம்மாவ ஹோம்ல சேத்துருவாங்களாம்."

"அப்ப நானு?"

"வேற எடம் வரும்போது கூப்புடுதேன்க்கா."

வரும்போது. பழைய வண்டி வாங்க வந்தவர்களிடமும் இப்படித்தான் சொல்லியிருப்பான்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அண்ணன் பெண்டாட்டி எடுத்தாள். ஸ்டோர் ரூமில் வெள்ளையடிக்க ஆள் வந்திருக்கிறதாம். நல்லது என்றேன்.

ஏழு நாள் இருக்கிறது. அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். தாழ்ப்பாள் இருப்பதில் இது ஒரு வசதி.

ஜூன் 18, செவ்வாய்

பிசியோ செய்கிற பெண் இன்றுதான் வந்தாள். பெயர் ஷம்ஷாத், மேலப்பாளையம். தங்கச்சி கல்யாணத்துக்காக இரண்டு வாரம் லீவாம். வந்து பையை வைத்தாள், ஒரு மூலையில் உட்கார்ந்தாள், "அக்கா, நீங்க எப்பவும் செய்யுததச் செய்யுங்க, நான் பாக்கேன்" என்றாள். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் இந்த வயதுதான். பரீட்சை வைக்க வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

டீச்சரைப் புரட்டினேன். முதுகு துடைத்தேன். சட்டை மாற்றினேன். நாற்காலியில் உட்கார வைத்தேன். தம்ளரை நிரப்பி ஸ்டூலில் வைத்தேன்.

"அக்கா, நீங்க யாரப் பாத்தீங்க?" என்றாள்.

"ஒன்னத்தான்."

"அதில்லக்கா. வலது பக்கம் விழுந்த ஆள் யாரையோ ரொம்ப வருஷமாப் பாத்திருக்கீங்க. யாரு?"

"நான் யாரையும் பாக்கல. சும்மா இருந்தவ."

அவள் சிரிக்கவில்லை. "தெரியாதவங்க செஞ்சா ஒருநாள் சரியா வரும், ஒருநாள் தப்பா வரும். நீங்க ஒரு தப்பக்கூட மாத்திச் செய்யல. வெளங்காத கையத்தான் மொதல்ல சட்டைல விடணும், நீங்க வலது கைய விடுதீங்க. நல்ல கைப்பக்கம் நாற்காலி போடணும், நீங்க இடது பக்கம் போடுதீங்க. எல்லாமே சரிதான்க்கா, ஆனா கண்ணாடியில பாத்து செஞ்ச மாதிரி இருக்கு."

பிறகு ஸ்டூலைக் காட்டினாள்.

"டீச்சருக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்கதே மண்டைல பதியாது. கண்ணு நல்லாத்தான் இருக்கு, ஆனா அங்க இருக்கது அவங்களுக்கு இல்லாத மாதிரி. ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்திருக்காங்களே, ஒங்க ஏஜென்சில சொல்லலையா?"

பாதித் தட்டு. பாதித் தலை. பாதிப் பேப்பர். பன்னிரண்டு நாளாகத் தண்ணீரை இல்லாத பக்கத்தில் வைத்துவிட்டு, கண் முன்னாடிதான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

ஷம்ஷாத் ஸ்டூலைத் தூக்கி வலது பக்கம் வைத்தாள். டீச்சர் கையை நீட்டி எடுத்து, முழுத் தம்ளரையும் ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான் இந்த வீட்டுல ஒருத்திக்குப் புத்தி வந்திருக்கு" என்றார்.

ஜூன் 19, புதன்

எழுதிவிடுகிறேன்.

உலகம்மாள், என் மாமியார். அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருவுக்கே அவள் வாயைக் கண்டு பயம். எனக்குப் பிள்ளை இல்லை. அவள் அதைச் சொல்லாத விசேஷ வீடு இல்லை, பந்தி இல்லை. என் கையால் குங்குமம் வாங்காதே என்று என் எதிரிலேயே பெண்களிடம் சொல்வாள். அப்புறம் ஒருநாள் காலையில் வலது கையும் காலும் விழுந்தன. வாயும் விழுந்தது. ஒன்பது வருடம் படுக்கை. நடுவில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். கொழுந்தன் வருடத்துக்கொரு தடவை வந்து, அம்மாவின் நெற்றியில் விபூதி பூசி, நின்று, போய்விடுவான்.

சும்மா இருந்த ஒன்பது வருடத்தில் அவள் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. அவர்கள் கணக்கில் இல்லாததை நான் ஏன் அவர்களிடம் சொல்ல வேண்டும்? எனக்கும் ரோஷம் உண்டு.

ஆனால் அது மட்டும் காரணமில்லை.

முதல் வருடம், ஐப்பசி. பக்கத்து வீட்டில் வளைகாப்பு. என்னைக் கூப்பிடவில்லை. வாய் இருந்த காலத்தில் யார் சொல்லிக் கொடுத்து அப்படி ஆனது என்று எனக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்தவள் என் வீட்டில் நான் துடைத்துவிட்ட கட்டிலில் படுத்திருந்தாள். அன்று தண்ணீர்த் தம்ளரை அவள் வலது பக்கம் வைத்தேன். வேண்டுமென்றுதான். விளங்காத கைப்பக்கம். சாப்பாட்டோடு கொடுத்தேன், மருந்தோடு கொடுத்தேன். மற்ற நேரமெல்லாம் தம்ளர் அங்கேயே இருந்தது, அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளால் கேட்க முடியாது. நாலு நாள்.

ஐந்தாம் நாள் உதடு வெடித்துவிட்டது. நான் உள்ளே போனபோது அவள் அழவில்லை, முறைக்கவும் இல்லை. இடது கையால் கட்டிலின் இடது பக்கத்தைத் தட்டினாள். இங்கே வை என்கிற மாதிரி. மருமகள் பாவம், மறந்துவிட்டாள் என்று நினைத்தவள் மாதிரி மெதுவாகத் தட்டினாள்.

அதற்கப்புறம் ஒருநாள்கூட இடது பக்கம் தவறியதில்லை. அதுதான் கையில் ஏறிவிட்டது. இனிமேல் அப்படிச் செய்யக்கூடாது என்று பழக்கிய கை, அதையேதான் இங்கே வந்து இன்னொருத்திக்குச் செய்திருக்கிறது. அவளுக்கு நாலு நாள். இவருக்குப் பன்னிரண்டு. கருணை, கரம் என்று பலகையில் எழுதியிருக்கிறதே, அது என்னுடைய இந்தக் கரம்தான்.

எனக்கு என்மேல் வந்த அருவருப்பு இதுவரை யார்மேலும் வந்ததில்லை. கொழுந்தன்மேல்கூட.

ஜூன் 20, வியாழன்

காலையில் எல்லாவற்றையும் மாற்றினேன். கட்டிலின் வலது பக்கச் சட்டத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டினேன், என் கைக்கு ஞாபகமிருக்க. அப்படியும் மூன்று தடவை இடது பக்கம் போனது. மூன்று தடவையும் திரும்பி வந்தேன்.

தட்டைப் பாதியில் திருப்பி வைத்தேன். டீச்சர் மீதி இட்லியைப் பார்த்து, "இது எப்ப வந்துச்சு?" என்றார்.

"முன்னயே இருந்துச்சு டீச்சர். ஒங்களுக்குத் தெரியல. எனக்கும் தெரியல. தண்ணியத் தப்பான பக்கம் வச்சது நான்தான்."

கோயம்புத்தூர் பொய் என்றேன். மாமியாரை ஒன்பது வருடம் பார்த்தேன், வலது பக்கம், அந்தப் பழக்கம் என்றேன். ஐப்பசியைச் சொல்லவில்லை.

டீச்சர் வாயிலிருந்த இட்லியை மென்று விழுங்கினார்.

"நீ கண்ணு முன்னாடி இருக்குன்ன. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொன்னா எனக்கு மண்டையும் போயிட்டுன்னு நெனப்ப. மகளும் நெனப்பா. அதான் சொல்லல." பிறகு, "ரெண்டு பேரும் பெயிலு" என்றார்.

"நான் பத்தாவதுலயே பெயில் டீச்சர்."

"கணக்குலயா?"

"கணக்குலதான்."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்றார்.

ஜூன் 21, வெள்ளி

காய்ச்சல் இல்லை. ஒன்பது தம்ளர் தண்ணீர். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன்.

ஜூன் 22, சனி

பதினொரு மணிக்குப் பெனிட்டா வந்தாள். கூடவே பால்பாண்டி, அவன் பின்னால் சர்ட்டிபிகேட் பிள்ளை. அவள் கோட்டிலும் வேறு யாரோ ஒருத்தியின் பெயர்தான்.

பெனிட்டா உட்காரவில்லை. "சிஸ்டர், நாலு வருஷம் பெரிய ஆஸ்பத்திரில இருந்தவங்க செய்ற வேலையா இது?"

"நான் கோயம்புத்தூர் பக்கமே போனதில்லம்மா. அது அந்தத் தம்பி எழுதுனது."

பால்பாண்டிக்கு இருமல் வந்தது. பாவம், அவனுக்கு அந்தக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. தண்ணீரை எந்தப் பக்கம் வைத்தேன், ஏன் வைத்தேன், ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த தாள் யாரிடம் தங்கிவிட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். சர்ட்டிபிகேட் பிள்ளை தன் கோட்டின் பையைக் கையால் மூடிக்கொண்டது.

"அப்ப பொய் சொல்லித்தான் வேலைக்கு வந்தீங்க" என்றாள் பெனிட்டா.

"ஆமா."

கட்டிலில் இருந்து குரல். "ஏ பெனிட்டா. அந்தப் பிள்ளையக் கூப்புடு. எனக்குச் சட்ட மாத்தச் சொல்லு."

பிள்ளை போனது. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தது. வலது கையைத் தொட்டது, விட்டது, இடது கையைத் தொட்டது. டீச்சர் சுருக்கென்று முகம் சுளித்தார். நான் போய் இடது கையை முதலில் நுழைத்து, முதுகில் சுருட்டி, வலது கையை இழுத்துவிட்டேன். ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது. டீச்சர் கத்தவில்லை.

"இவ வாய் எனக்குப் பிடிக்கல" என்றார் மகளிடம். "மூஞ்சியும் பிடிக்கல. இருக்கட்டும்."

பெனிட்டா பால்பாண்டியிடம் புதிதாக ஒரு ஃபாரம் கேட்டாள். "இந்தத் தடவ நீங்களே எழுதுங்க. உண்மைய எழுதுங்க. சேந்த தேதியிலருந்து ஒரு மாசம் பாக்கறேன்."

பெயர் எழுதினேன். சேர்ந்த தேதி ஜூன் 18 என்று எழுதினேன். பால்பாண்டி எட்டிப் பார்த்து, ஆறாம் தேதிதானே வந்தீர்கள் என்றான். அந்தப் பன்னிரண்டு நாள் சேர்த்தியில்லை என்றேன்.

யாரைப் பார்த்தீர்கள் என்ற இடத்தில் உலகம்மாள், மாமியார். விசாரிக்க போன் நம்பர் என்ற இடத்தில் ஒரு கோடு.

அனுபவம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். கொழுந்தனும் நாலு பெரிய மனிதர்களும் இங்கே இல்லை. தலையாட்ட ஆளில்லை. எழுதினேன். எட்டு வருடம், பதினோரு மாதம், இருபத்தாறு நாள்.

"எதுக்குக்கா இப்படி? ஒம்பது வருசம்னு முழுசாப் போடுங்க" என்றான் பால்பாண்டி.

"தம்பி, நீ சும்மா இரி."

பெனிட்டா ஃபாரத்தைச் சத்தமாகப் படித்தாள். டீச்சர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். நேற்று முன்தினம் ஒன்பது வருடம் என்று அவரிடம்தான் சொல்லியிருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"நாலு நாளு கொறையுது."

"ஆமா டீச்சர்."

ஏன் என்று கேட்பார் என்று நின்றேன். கேட்டால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. வலது கையை நீட்டினார். தம்ளர் அங்கே இருந்தது.